வெளிநாட்டில் பெப்பர் ஸ்பிரே: கேள்வி பதில்

கேள்வி: மகள் மேற்படிப்புக்காக மான்செஸ்டர் செல்கிறாள். பெப்பர் ஸ்பிரே கொடுத்தனுப்பலாமா?

பதில்: கூடாது. இங்கே ஆன்லைனில் எளிதாகக் கிடைக்கும் அந்தச் சிறு குப்பி, பிரிட்டனின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம் 5ஆம் பிரிவின்படி தடைசெய்யப்பட்ட ஆயுதமாகும். கைப்பையில் மட்டுமன்றி, விடுதி அறையின் மேசை இழுப்பறையில் வைத்திருப்பதும் 10 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பெட்டி கட்டும்போது சாவிக்கொத்தையும் பாருங்கள். குப்பி பெரும்பாலும் அதில்தான் தொங்கும்.

கேள்வி: சென்னையிலிருந்து நியூயார்க் செல்கிறேன். பதிவுப் பெட்டியில் (விமான நிலையத்தில் ஒப்படைக்கும் செக்-இன் பெட்டி) வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள். 118 மி.லி. வரை பதிவுப் பெட்டியில் வைக்க அமெரிக்க விமானப் பாதுகாப்பு விதி இடம் தருவதைப் படித்துவிட்டுப் பலரும் குழம்புகிறார்கள். பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் விதிகளோ அதைக் கைப்பை, பதிவுப் பெட்டி இரண்டிலும் தடுக்கின்றன. 18 வயது நிறைந்திருந்தால், நியூயார்க்கில் மருந்தாளுநரிடமோ உரிமம் பெற்ற துப்பாக்கி விற்பனையாளரிடமோ நேரில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: டொராண்டோவில் கரடி ஸ்பிரே (கரடியை விரட்டும் பெப்பர் ஸ்பிரே) கடையிலேயே விற்கிறார்களே?

பதில்: விலங்குகளை விரட்டவென விற்பது சட்டப்படியானதே. அதையே மனிதர்மீது பயன்படுத்தும் எண்ணத்துடன் நகரத்தில் எடுத்துச் சென்றால், ஆபத்தான நோக்கத்துடன் ஆயுதம் வைத்திருந்ததாக வழக்கு வரக்கூடும். போலீசார் விசாரிக்கும்போது 'தற்காப்புக்காக' என்று சொல்வதே உங்களுக்கு எதிரான சான்றாகலாம்.

கேள்வி: மான்செஸ்டர் பதிலை ஏற்க முடியவில்லை. தாக்குபவன் கத்தியோடு வருவான், பெண் வெறுங்கையோடு நிற்க வேண்டுமா? ஜெர்மனி அனுமதிக்கிறதே!

பதில்: உங்கள் கோபம் நியாயமானது; இரவுப் பணி முடிந்து தனியாக வீடு திரும்பும் பெண்ணுக்கு இச்சட்டம் போதிய மாற்று தரவில்லை என்றே நானும் கருதுகிறேன். ஆனால் பிரிட்டன் தற்காப்பு உரிமையை மறுக்கவில்லை. தாக்கப்படும் நொடியில் நியாயமான அளவு பலத்தைப் பயன்படுத்த அனுமதிக்கிறது, அதற்கென முன்கூட்டியே ஆயுதம் சுமப்பதைத்தான் தடுக்கிறது. ஜெர்மனியிலும் அது 'விலங்கு விரட்டி' என்ற பெயரில்தான் தடையின்றி விற்கப்படுகிறது. மனிதர்மீது அடித்தால், உண்மையிலேயே தற்காப்புதானா என்று ஆராய்வார்கள்.

கேள்வி: அப்படியானால் சட்டத்தை மீறுவதே வழி.

பதில்: சட்டத்தை மாற்றக் கோருங்கள், நானும் உடன் நிற்பேன். மாணவ விசாவில் இருக்கும் பெண்ணின் கையில் குப்பியைத் திணித்து அதைச் சோதித்துப் பார்க்காதீர்கள். ஊசியை இழுத்தால் அலறும் கையடக்க அலாரம் அங்கே சட்டப்படியானது. அதை வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: டப்ளினுக்கு எடுத்துச் செல்லலாமா?

பதில்: கூடாது. அயர்லாந்திலும் அது துப்பாக்கிச் சட்டத்துக்குள்தான் வருகிறது.

கேள்வி: ஹாங்காங்?

பதில்: மீண்டும் அதே கேள்வி. உரிமமின்றி வைத்திருந்தால் அங்கே 14 ஆண்டுகள் வரை சிறை. சாவிக்கொத்தைப் பாருங்கள்.

கேள்வி: பிடிபட்டால் விசா ரத்தாகுமா?

பதில்: அது என் துறையன்று, அந்நாட்டுக் குடிவரவு வழக்கறிஞரைக் கேளுங்கள்.