சித்தியின் கடவுச்சொல்லை வாங்காதீர்கள்

கேள்வி: கிளிநொச்சியில் பொறியியல் பீடத்தில் படிக்கிறேன். இடப்பெயர்வோடு எங்கள் வீட்டு அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. மிஞ்சிய படங்கள், கனடாவில் இருக்கும் சித்தி ஒரு படப்பகிர்வு வலையமைப்பில் ஏற்றி வைத்தவை மட்டும்தான். அந்த நிறுவனம் தன் செயலியும் சேர்வரும் பேசிக்கொள்ளும் நெறிமுறையை (புரோட்டோகோல்) வெளியிடுவதில்லை. அதை நானே கண்டறிந்து, பைதன் நிரல்மொழியில் ஒரு லைப்ரரி (மற்ற நிரல்களும் பயன்படுத்தக்கூடிய நிரல்தொகுப்பு) எழுதித் திறந்த மூலமாக விட்டால் சிக்கல் வருமா? காசு கொடுத்தால் 'ஏபிஐ அனுமதி', அதாவது வெளி நிரல்கள் அந்தத் தளத்தோடு பேசுவதற்கான அனுமதி, எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

பதில்: தம்பி, அந்த ஆளுக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். மிச்சத்தைப் பிறகு பேசுவோம்.

என்னிடம் வந்த ஒரு பிள்ளை இப்படித்தான் காசு கட்டினார். கிடைத்தது வேறு யாரோ ஒருவரின் செயலியிலிருந்து உருவிய சாவி. சில நாளில் சாவியும் செத்தது, பிள்ளையின் கணக்கும் முடங்கியது. 'உங்கள் படங்களை நாங்கள் சேமித்துத் தருகிறோம்' என்று கடவுச்சொல் கேட்கும் தளங்கள் இதைவிட மோசம். ஸ்னப்சட் படங்களைச் சேமித்துக்கொடுத்த ஒரு வெளித்தளம் 2014 ஒக்டோபரில் உடைக்கப்பட்டபோது, அதை நம்பியவர்களின் அந்தரங்கப் படங்கள் ஊரெல்லாம் போயின.

இனி உங்கள் பயம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஒருவர் எழுதிய நிரலைக் காக்கிறது. அதன் பின்னாலுள்ள எண்ணத்தையோ செயற்படும் முறையையோ காப்பதில்லை. ஆகவே அவர்களின் நிரல்வரிகளைப் பிரதி பண்ணாதீர்கள். உங்கள் போனும் சேர்வரும் என்ன பேசுகின்றன என்று பார்த்து, சொந்தமாக எழுதுங்கள். அன்ட்ரூ ட்ரிஜெல் 1991 டிசம்பரில் கன்பராவில் மாணவராக இருந்தபோது சம்பாவை (விண்டோஸ் கணினிகளோடு மற்றக் கணினிகள் கோப்புகளைப் பகிர உதவும் திறந்த மூல மென்பொருள்) தொடங்கியது கம்பியில் போன தரவுப் பொதிகளைப் பார்த்துத்தான். மைக்ரோசொப்ட் அந்த நெறிமுறை ஆவணங்களைக் கொடுத்தது 2007 டிசம்பரில். அதுவும் ஐரோப்பிய ஆணைக்குழுவோடு வருடக்கணக்கில் வழக்காடித் தோற்ற பிறகு, 10,000 யூரோ வாங்கிக்கொண்டு. நம் படத்தை நாம் திருப்பி எடுக்க இவ்வளவு பாடா என்று எனக்கும் எரிச்சல்தான்.

நிறுவனத்தின் நிபந்தனைகளை மீறுகிறீர்கள் என்பது உண்மை. அதற்கு அவர்கள் முதலில் செய்வது கணக்கை முடக்குவது. அதனால் பரிசோதனைக்கு உங்கள் சொந்தக் கணக்கு ஒன்றைத் தனியாக வைத்திருங்கள்.

போனிலுள்ள செயலி தன் பாதுகாப்புச் சான்றிதழைத் தவிர வேறொன்றையும் ஏற்காமல், அது பேசுவதை இடையில் பார்க்க விடாவிட்டால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். கணினி உலாவியில் அதே தளத்தைத் திறந்து எஃப்12 அழுத்தி, வலையமைப்புப் பகுதியைப் பாருங்கள். அல்பத்தைத் தட்டியதும் பட்டியல் கேட்கும் ஒரு வரி ஓடும். பெரும்பாலும் பதிலின் கடைசியில் 'அடுத்த பக்கம்' என்பதற்கான ஒரு குறி இருக்கும். படம் வேறொரு முகவரியிலிருந்து வரும். அந்த முகவரி பல இடங்களில் சில மணி நேரத்தில் காலாவதியாகும். ஆகவே முகவரியைச் சேமித்து வைத்துப் பயனில்லை, படத்தையே உடனே இறக்க வேண்டும். பதிவேற்றும்போது பல தளங்கள் படத்துக்குள் இருக்கும் எடுத்த திகதியை அழித்துவிடும். பட்டியலில் வரும் திகதியையும் சேர்த்து எழுதி வையுங்கள்.

இப்போது சித்தியின் கணக்கு. இதில்தான் பிள்ளைகள் விழுகிறார்கள். 'சித்திதானே, கடவுச்சொல் தந்தவதானே' என்பீர்கள். டொரொன்டோவில் திறக்கும் கணக்கு திடீரென்று கிளிநொச்சியிலிருந்து, தெரியாத நிரல் ஒன்றால் திறக்கப்பட்டால் சேர்வர் அதைத் திருட்டு என்றே எடுத்து மூடக்கூடும். மீட்கும் குறி சித்தியின் பழைய போன் இலக்கத்துக்குப் போனால் படங்களும் போச்சு. அவ எழுத்தில் சம்மதம் தந்தாலும், மற்றவர்கள் அவவுக்கு மட்டும் என்று பகிர்ந்த படங்களுக்கு அது சம்மதமாகாது. அனுமதியில்லாமல் உட்புகுவதை 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் பார்த்துக்கொள்ளும்.

லைப்ரரி எழுதத் தொடங்க முன்னம் சித்தியிடம் சொல்லி, அந்தத் தளத்தில் 'உங்கள் தரவைப் பதிவிறக்குக' என்ற தெரிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டால், நீங்கள் எழுதிய நிரலை அவவின் கணினியில், அவவே உள்நுழைந்து ஓட்டட்டும். ஒவ்வொரு படத்துக்கும் இடையில் சில செக்கன் விடுங்கள்.

நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றும் முன், சித்தியின் டோக்கன் (கடவுச்சொல் இல்லாமலே கணக்கைத் திறக்கும் குறி) எங்காவது கிடக்கிறதா என்று ஒவ்வொரு கோப்பாகப் பாருங்கள். ஒருமுறை ஏற்றிவிட்டால், கோப்பை அழித்தாலும் பழைய பதிப்பில் அது இருக்கும். அப்படி நடந்தால் சித்தி உடனே எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறி, கடவுச்சொல்லை மாற்ற வேண்டும்.