யூஐ (பயனர் இடைமுகம்) வடிவமைப்பு, மதிப்பீட்டு முறைகளை எந்த வரிசையில், எப்படிப் பழகுவது?

கேட்டவர் நிரல் எழுதத் தெரிந்தவர். பெர்சோனா (கற்பனையான மாதிரிப் பயனர்), வயர்ஃபிரேம் (திரையின் வெறும் கோட்டு வரைவு), ஹியூரிஸ்டிக் மதிப்பீடு (பொது விதிகளோடு திரையை ஒப்பிடுவது), ஏ/பி டெஸ்ட் (இரண்டு வடிவங்களை வெவ்வேறு பயனர்களிடம் கொடுத்து ஒப்பிடுவது) என்று பெயர்களை அறிந்திருக்கிறார். இவற்றில் எதை முதலில் எடுத்து, எப்படிப் பழகினால் கைக்கு வரும் என்பது அவர் கேள்வி.

வரைவதில் தொடங்காதீர்கள். ஒருவர் ஒரு திரையோடு மல்லுக்கட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதில் தொடங்குங்கள். ஆட்கள் எந்த இடத்தில் தடுமாறுவார்கள் என்று கண்ணால் பார்க்காதவருக்கு, தன் வரைவைச் சோதிக்க ‘எனக்குப் பிடித்திருக்கிறது’ என்பதைத் தவிர வேறு அளவுகோல் கிடையாது. ஆய்வாளர்கள் ஜான் கூல்டும் கிளேட்டன் லூயிஸும் 1985இல் எழுதிய கட்டுரை மூன்றே கொள்கைகளைச் சொன்னது: பயனர்களையும் அவர்கள் வேலையையும் தொடக்கத்திலேயே கவனிப்பது, மாதிரியை அவர்கள் கையில் கொடுத்து அளந்து பார்ப்பது, திருத்தித் திரும்பச் செய்வது. மூன்றில் முதல் இரண்டுக்கும் பென்சில் தேவையில்லை, கண்ணும் காதும் போதும்.

முதல் பயிற்சிக்கு உங்களுடைய செயலி வேண்டாம். நீங்களே எழுதியதை அடுத்தவர் தப்பாக அழுத்தும்போது விளக்கம் சொல்ல வாய் துடிக்கும். வேறு யாரோ செய்த பயணச்சீட்டு முன்பதிவுச் செயலி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதை இதுவரை பயன்படுத்தாத ஒருவரை உட்கார வைத்து, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்லுங்கள். இதற்குத் திங்க் அலவுட் சோதனை என்று பெயர்.

இதில் மிகக் கடினமான பகுதி, கொடுக்கும் வேலையை எழுதுவது. ‘முன்பதிவு பட்டனை அழுத்தி, கீழ்ப்படுக்கையைத் தேர்ந்தெடுங்கள்’ என்று எழுதினால் சோதனை அங்கேயே முடிந்துவிட்டது. திரையில் உள்ள சொற்களை நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். இனி அவர் செய்வது சொல் தேடும் விளையாட்டு. ‘வெள்ளிக்கிழமை இரவு கிளம்பி, மறுநாள் காலை எட்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். கூட வரும் பாட்டிக்கு ஏறி இறங்க முடியாது. பணம் கட்டும் கட்டம் வரை போய் நிறுத்திக்கொள்ளுங்கள்’ என்று எழுதுங்கள். நல்ல வேலைக் குறிப்பில் ஒரு காரணம், ஒரு கட்டுப்பாடு, தெளிவான ஒரு முடிவிடம் மூன்றும் இருக்கும். மெனுவில் உள்ள சொல் ஒன்றுகூட இருக்காது. ஒரு மணி நேர அமர்வுக்கு இப்படி நாலைந்து வேலைகளுக்கு மேல் வைக்காதீர்கள். முதல் ஆளுக்கு முன், தெரிந்தவர் ஒருவரை வைத்து ஓர் ஒத்திகை பாருங்கள். குறிப்பில் எந்த வாக்கியம் குழப்புகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அமர்வு தொடங்கும்போது சொல்ல வேண்டியவை: ‘சோதிக்கப்படுவது செயலிதான், நீங்கள் அல்ல, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், திரையைப் பதிவு செய்ய உங்கள் சம்மதம் வேண்டும்.’ அதற்குப் பிறகு உங்கள் வாய் மூடியிருக்க வேண்டும். அவர் கால் நிமிடம் பேசாமல் இருந்தால், ‘இப்போது என்ன ஓடுகிறது மனத்தில்?’ என்று மட்டும் கேளுங்கள். ‘இதை அழுத்தட்டுமா?’ என்று அவர் உங்களைக் கேட்டால், ‘நான் பக்கத்தில் இல்லையென்றால் என்ன செய்வீர்கள்?’ என்று திருப்பிக் கேளுங்கள். ‘ஏன் அப்படிச் செய்தீர்கள்?’ என்ற கேள்வியை வேலை முடியும் வரை கேட்கவே கூடாது. ஆய்வாளர்கள் ஆண்டர்ஸ் எரிக்சனும் ஹெர்பர்ட் சைமனும் 1980இல் இதைப் பிரித்துக் காட்டினார்கள்: மனத்தில் அந்த நேரத்தில் இருப்பதை அப்படியே சொல்வது வேலையின் போக்கை அவ்வளவாக மாற்றாது; காரணம் கேட்டால் மாற்றும். காரணம் தேடத் தொடங்கியவர் வழக்கத்தைவிடக் கவனமாக நடந்துகொள்வார், இயல்பாகச் செய்யும் தவறு கண்ணில் படாமல் போகும். இதே போக்கில் இன்னொன்று: பேசிக்கொண்டே செய்யும் வேலைக்கு ஆகும் நேரத்தை அளந்து அறிக்கையில் போடாதீர்கள். நேரம் வேண்டுமானால் பேசாமல் செய்யும் தனி அமர்வு வேண்டும்.

குறிப்பெடுக்கத் தாளில் மூன்று நெடுவரிசைகள் போட்டுக்கொள்ளுங்கள். செய்தது, சொன்னது, என் ஊகம். புதிதாகப் பழகுபவர் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். ‘தேதிக் கட்டம் குழப்பியது’ என்பது ஊகம். ‘தேதிக் கட்டத்தை மூன்று முறை தொட்டார், ஒவ்வொரு முறையும் மூடினார்’ என்பது செய்தது. ஊகத்தை மட்டும் எழுதி வைத்தால், பிறகு அந்த ஊகம் சரியா என்று பார்க்க எதுவும் மிஞ்சாது. செய்ததும் சொன்னதும் முரண்படும் இடங்களை வட்டமிடுங்கள். நாலு முறை திண்டாடிவிட்டு ‘சுலபமாகத்தான் இருந்தது’ என்று சொல்பவர்கள் ஏராளம். அங்கே செய்ததைத்தான் நம்ப வேண்டும்.

இப்படி மூன்று பேரைப் பார்த்த பிறகு, அதே செயலியை ஹியூரிஸ்டிக் முறையில் மதிப்பிடுங்கள். யாக்கோப் நீல்சனும் ரோல்ஃப் மோலிக்கும் 1990இல் கொண்டுவந்த முறை இது. இன்று புழங்கும் 10 விதிகள் 1994இல் நீல்சன் திருத்தியவை. நிலையைக் காட்டுவது, செய்ததைத் திரும்பப் பெற வழி வைப்பது, தவறு நேராமல் தடுப்பது, நினைவில் வைத்திருக்கச் சொல்லாமல் கண்முன் காட்டுவது போன்றவை. திரைகளை இரண்டு சுற்று பாருங்கள்: முதல் சுற்று போக்கைப் புரிந்துகொள்ள, இரண்டாவது ஒவ்வொரு உறுப்பையும் விதிகளோடு ஒப்பிட. ஒவ்வொரு குறையையும் ‘எந்த இடம், எந்த விதி, பயனருக்கு என்ன ஆகும்’ என்று எழுதி, 0 முதல் 4 வரை கடுமை போடுங்கள். 0 என்றால் குறையே இல்லை, 4 என்றால் வெளியிடும் முன் கட்டாயம் திருத்த வேண்டும். நீல்சன் தொகுத்த தரவில் ஒரே மதிப்பீட்டாளர் சராசரியாக 35 சதவீதக் குறைகளைத்தான் கண்டார். அதனால்தான் 3 முதல் 5 பேர் என்கிறார்கள். அவர்கள் தனித்தனியாகப் பார்த்து முடித்த பிறகே சேர்ந்து பேச வேண்டும். முதலிலேயே ஒன்றாக உட்கார்ந்தால் உரக்கப் பேசுபவரின் பட்டியல்தான் எல்லோருடைய பட்டியலும்.

கற்றல் நடப்பது இதற்கடுத்த அரை மணி நேரத்தில். மூன்று பேர் தடுமாறிய இடங்களின் பட்டியலையும் விதிகளால் கண்ட குறைகளின் பட்டியலையும் பக்கத்தில் வைத்து மூன்றாகப் பிரியுங்கள். இரண்டிலும் உள்ளவை, விதிகள் சொல்லியும் மூன்று பேரும் தடுமாறாதவை, மூன்று பேரும் தடுமாறியும் எந்த விதியிலும் நீங்கள் பிடிக்காதவை. இரண்டாவது குவியல் வீண் எச்சரிக்கையாக இருக்கலாம், எப்போதோ ஒருமுறை வரும் குறையாகவும் இருக்கலாம். மூன்றாவது குவியலில் பெரும்பாலும் அந்தத் துறை சார்ந்த அறிவு ஒளிந்திருக்கும்: எந்தத் தகவலை எப்போது கையில் வைத்திருப்பார்கள், எதை எந்தப் பெயரால் சொல்வார்கள் என்பதெல்லாம். இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் பத்து விதிகளை மனப்பாடம் செய்து பயனில்லை.

காக்னிட்டிவ் வாக்த்ரூ (ஒரு வேலையைப் படிப்படியாக நடந்து பார்க்கும் மதிப்பீடு) வேறு வகை. முதல் முறை வருபவர் யார் உதவியும் இல்லாமல் கற்றுக்கொள்ள முடியுமா என்பதை மட்டும் அது கேட்கிறது. சரியான வழியின் ஒவ்வொரு படியிலும் நான்கு கேள்விகள்: இந்தப் படி தேவை என்று அவருக்குத் தோன்றுமா? அதற்கான பட்டன் கண்ணில் படுமா? இதுதான் தனக்கு வேண்டியது என்று அந்தப் பட்டனின் பெயரிலிருந்து புரியுமா? அழுத்திய பிறகு முன்னேறினோம் என்று தெரியுமா? ‘இல்லை’ என்று பதில் வந்தால் காரணத்தை ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். அங்கேயே நின்று தீர்வு பேச ஆரம்பித்தால் ஐந்தாவது படியைத் தாண்ட மாட்டீர்கள்.

பழகிய கைகளின் வேகத்தைக் கணிக்க, கீஸ்ட்ரோக் நிலை மாதிரி என்ற கணக்கு முறை இருக்கிறது. கார்ட், மோரன், நியூவெல் மூவரும் 1980இல் வெளியிட்டது. மவுஸ் அம்பைக் கொண்டுபோய் ஒரு பட்டனைச் சுட்டிக்காட்ட 1.1 நொடி, க்ளிக் 0.2, கை மவுஸிலிருந்து விசைப்பலகைக்குப் போக 0.4, மனத்தில் தயாராக 1.35, சராசரித் தட்டச்சில் ஒரு விசைக்கு 0.28. பிறந்த தேதியை எட்டு இலக்கமாக அடிக்கும் ஒரே கட்டம்: 1.35 + 1.1 + 0.2 + 0.4 + 2.24, சுமார் 5.3 நொடி. நாள், மாதம், ஆண்டு என மூன்று இறங்கு பட்டியல்கள்: ஒவ்வொன்றுக்கும் தயாராதல், இரண்டு சுட்டல், இரண்டு க்ளிக் சேர்த்து 3.95, மொத்தம் 11.85 நொடி, உருட்டும் நேரம் தனி. ஆனால் இது தவறே செய்யாத கைகளுக்கான கணக்கு. ஒற்றைக் கட்டத்தில் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றி அடிப்பவர்களை இது காட்டாது. வேகத்துக்கு ஒரு முறை, தவறுக்கு இன்னொரு முறை என்று பிரித்து வைத்துக்கொள்வதே நல்லது.

இப்போது வரையலாம். ஒரே சிக்கலுக்கு மூன்று தீர்வுகளைக் காகிதத்தில் வரையுங்கள்; நிறம் மாறிய மூன்று அல்ல, போக்கே வேறான மூன்று. ஒன்றை மட்டும் காட்டினால் எதிரில் இருப்பவர் மரியாதைக்குப் பாராட்டுவார், மூன்றைக் காட்டினால் ஒப்பிடுவார். காகித மாதிரியில் ஒருவர் கணினியாக நடித்துத் தாள்களை மாற்ற, பயனர் விரலால் ‘அழுத்துவார்’. ஃபிக்மா போன்ற வடிவமைப்பு மென்பொருளில் சீக்கிரமே மெருகேற்றினால் கிடைக்கும் கருத்தெல்லாம் நிறத்தையும் எழுத்துருவையும் பற்றியதாக இருக்கும், போக்கு தப்பென்று சொல்ல ஆட்கள் தயங்குவார்கள். வரையும்போது பெரும்பாலும் விட்டுப்போவது: ஒன்றுமே இல்லாத பட்டியல், பிழை வந்த நிலை, ஏற்றப்படும் நிலை, மிக நீளமான பெயர். இந்த நான்கையும் வரைந்த பிறகே ஒரு திரை முடிந்ததாகக் கணக்கு. உரைக்கும் பின்னணிக்கும் மாறுபாடு (கான்ட்ராஸ்ட்) குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 என்ற டபிள்யூசிஏஜி (இணைய அணுகல்தன்மை வழிகாட்டி) அளவையும் அப்போதே பாருங்கள்.

எண்களுக்குக் கடைசியில் வாருங்கள், ஏனென்றால் அதிகம் ஏமாற்றுபவை அவைதான். ‘ஐந்து பேர் போதும்’ என்பது நீல்சனும் லாண்டவரும் 1993இல் தந்த சூத்திரத்திலிருந்து வருகிறது. ஒரு குறை ஒருவரிடம் வெளிப்படும் வாய்ப்பு 31 சதவீதம் என்றால், ஐந்து பேரில் யாரிடமாவது வெளிப்படும் வாய்ப்பு சுமார் 84 சதவீதம். அதே வாய்ப்பு 10 சதவீதமாக இருந்தால் ஐந்து பேரில் 41 சதவீதம்தான். குறைகளைத் தேட ஐந்து பேர் நல்ல தொடக்கம். வெற்றி விகிதம் சொல்ல அது போதாது. ஐந்து பேரும் வேலையை முடித்தார்கள் என்றாலும், உண்மையான வெற்றி விகிதம் 55 சதவீதமாக இருந்தால்கூட, ஐந்து பேரும் முடிப்பது தற்செயலாக நடக்க 5 சதவீத வாய்ப்பு உண்டு. ‘100% வெற்றி’ என்று அறிக்கையில் எழுதாதீர்கள், ‘5இல் 5’ என்று எழுதுங்கள்.

பயன்படுத்த எவ்வளவு எளிது என்று பயனரையே மதிப்பிடச் சொல்லும் எஸ்யூஎஸ் வினாத்தாளை ஜான் ப்ரூக் 1986இல் உருவாக்கினார். பத்து வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. ஒற்றைப்படை வாக்கியங்களில் மதிப்பெண்ணிலிருந்து 1ஐக் கழியுங்கள். இரட்டைப்படையில் 5இலிருந்து மதிப்பெண்ணைக் கழியுங்கள். எல்லாவற்றையும் கூட்டி 2.5ஆல் பெருக்குங்கள். இரட்டைப்படை வாக்கியங்கள் எதிர்மறையானவை. இதைக் கவனிக்காமல் எல்லாவற்றுக்கும் 5 போடுபவர்களுக்கு 50தான் வரும், அத்தகைய தாள்களைத் தனியே எடுத்துப் பாருங்கள். வரும் எண் சதவீதம் அல்ல. பல ஆய்வுகளின் சராசரி 68 அளவில் இருப்பதால், 65 வந்தால் சராசரிக்குச் சற்றுக் கீழே என்றே பொருள். எதைத் திருத்த வேண்டும் என்று அது சொல்லாது, திங்க் அலவுட் குறிப்புகள்தான் சொல்லும். இரண்டு வடிவங்களை ஒரே ஆட்களிடம் ஒப்பிடும்போது பாதிப் பேருக்கு முதல் வடிவத்தையும் மீதிப் பேருக்கு இரண்டாவதையும் முன்னால் கொடுங்கள். எல்லோருக்கும் ஒரே வரிசையில் கொடுத்தால், முதலாவதில் பழகிய கை இரண்டாவதை வேகமாக முடிக்கும், அந்த வேகத்தை நீங்கள் வடிவமைப்பின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.