கேள்வி நேரம்: கும்மிடிப்பூண்டி மார்க்கத்துக்கு இன்னும் இரண்டு பாதை

கேள்வி: மாலையில் சென்ட்ரலில் ஏறினால், அத்திப்பட்டில் எங்கள் மின்சார ரயிலை நிறுத்திவைத்துவிட்டு விரைவு ரயிலை முதலில் அனுப்புகிறார்கள். நீங்கள் கேட்கும் இரண்டு புதுப் பாதைகளைப் போடும் செலவில் கூடுதலாக நான்கு ரயில் விடக் கூடாதா?
– ஒரு வாசகி, மீஞ்சூர்

பதில்: விடலாம், ஆனால் விட்ட ரயிலும் அதே அத்திப்பட்டில்தான் வந்து நிற்கும். அத்திப்பட்டு வரை இரண்டுக்கு மேற்பட்ட பாதைகள் இருக்கின்றன. அங்கிருந்து கும்மிடிப்பூண்டி வரை ஏறத்தாழ 26 கி.மீ. தூரத்துக்குப் போக ஒன்று, வர ஒன்று என இரண்டே பாதைகள். கூடூர், விஜயவாடா வழியாக டெல்லிக்கும் ஹவுராவுக்கும் செல்லும் விரைவு ரயில்கள், சரக்கு ரயில்கள், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் மின்சார ரயில்கள் எல்லாம் அவற்றில்தான் ஓடியாக வேண்டும்.

ரயில்களின் எண்ணிக்கையைவிட அவற்றின் வேக வேறுபாடுதான் இங்கே பெரிய சிக்கல். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் நிற்காமல் போகும் விரைவு ரயில் இந்தத் தூரத்தைச் சுமார் 16 நிமிடத்தில் கடந்துவிடும். நந்தியம்பாக்கம், மீஞ்சூர், அனுப்பம்பட்டு என ஒவ்வொரு நிலையத்திலும் நின்று போகும் மின்சார ரயிலுக்கோ ஏறத்தாழ 40 நிமிடம் ஆகும். ஆகவே மின்சார ரயில் புறப்பட்டு 20 நிமிடத்துக்கு மேல் ஆன பிறகே விரைவு ரயிலை அதன் பின்னால் அனுப்ப முடியும். இல்லையென்றால் மின்சார ரயிலை ஓரங்கட்டத்தான் வேண்டும். எல்லா ரயில்களும் ஒரே வேகத்தில் ஓடினால் அந்த இடைவெளியில் மூன்று, நான்கு ரயில்களைக் கூட விடலாம். மூன்றாவது, நான்காவது பாதைகளை நான் வலியுறுத்துவது இதனால்தான். போட்ட பிறகு அவற்றைச் சரக்கு ரயில்களுக்கு மட்டுமே கொடுத்துவிடாமல், ஒரு ஜோடிப் பாதையை மின்சார ரயில்களுக்கென்றே ஒதுக்க வேண்டும்.

காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு தண்டையார்பேட்டையில் ஏறும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். வண்டி நிற்க நிற்க, அலுமினியக் கூடையிலிருந்து ஐஸ் தண்ணீர் வழிந்து பெட்டியின் தரையெல்லாம் ஓடும். அரை மணி தாமதம் என்றால் அவர்களுக்கு மீனின் விலையே இறங்கிவிடுகிறது.

கேள்வி: ராயபுரத்தில் முனையம் அமைத்தால் இந்தத் தொல்லை தீராதா?
– ஒரு வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட நிலையம் அது, முனையம் கேட்பது முற்றிலும் நியாயம். சென்ட்ரலிலும் பேசின் பிரிட்ஜிலும் நெரிசல் குறையும். அத்திப்பட்டுக்கு வடக்கே அதனால் எதுவும் மாறாது.

கேள்வி: கடற்கரை–எழும்பூர் நான்காவது பாதைக்காக, கடற்கரை–வேளச்சேரி பறக்கும் ரயிலை அத்தனை காலம் நிறுத்தியது சரிதானா?
– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: பணி தேவையானதுதான். அங்கே இருந்த மூன்று பாதைகளில் இரண்டு தாம்பரம் மின்சார ரயில்களுக்குப் போய்விட, விரைவு ரயில்களும் சரக்கு ரயில்களும் இரு திசைக்கும் மீதமிருந்த ஒரே பாதையைத்தான் நம்பியிருந்தன. ஆனால் ஏழு மாதம் என்று சொல்லி 2023 ஆகஸ்ட் 27-இல் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே நிறுத்திய சேவை, 2024 அக்டோபர் 29-இல்தான் திரும்பியது. சுமார் 4 கி.மீ. பாதைக்கு 14 மாதம். வடசென்னையிலிருந்து மயிலாப்பூருக்கும் திருவான்மியூருக்கும் வேலைக்குப் போனவர்கள் அத்தனை நாளும் சிந்தாதிரிப்பேட்டை வரை வேறு வண்டி பிடித்துப் போய்த்தான் ரயில் ஏறினார்கள். அடுத்த முறை இப்படி நிறுத்துவதானால், கடற்கரை நிலைய வாசலிலிருந்தே, அதே ரயில் டிக்கெட்டில் ஏறக்கூடிய இணைப்புப் பேருந்தை முதல் நாளிலிருந்தே விட வேண்டும்.