பரோலோ ஒயின் குன்றுகளை ஐந்து நாளில் எப்படிச் சுற்றிப் பார்ப்பது?

கேள்வி: அக்டோபர் கடைசியில் இத்தாலியின் பியமோன்தே பகுதிக்கு இரண்டு பேர் போகிறோம். கையில் ஐந்து நாள். எங்கே தங்கலாம்? கார் எடுக்க வேண்டுமா? எத்தனை ஊர் பார்க்க முடியும்? கூட வருபவர் சைவம்.

பதில்: முதலில் ஊர்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். பரோலோ ஒயின் தயாரிக்க அனுமதி உள்ள ஊர்கள் 11. எல்லாவற்றையும் பார்க்கக் கிளம்பினால் பதினோரு தேவாலய வாசலில் பதினோரு படம் எடுத்துக்கொண்டு திரும்புவீர்கள். ஐந்து நாளும் குன்றுகளை ஒட்டிய ஆல்பா நகரிலேயே தங்குங்கள். தூரினிலிருந்து பிரா வழியாக ஆல்பாவுக்கு ரயில் உண்டு, ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். இரவில் நடந்து போகிற தூரத்தில் உணவகம் இருப்பது குன்றின் மேலுள்ள விடுதிகளில் கிடைக்காத வசதி. ஒயின் குடித்த பிறகு அது எவ்வளவு பெரிய வசதி என்று தெரியும்.

கார் தேவைதான், ஆனால் ஐந்து நாளுக்கும் வேண்டாம். பரோலோ பக்கம் ரயில் கிடையாது. பேருந்து குறைவு, ஞாயிறன்று இன்னும் குறைவு. தெருவில் கைகாட்டி டாக்ஸி பிடிக்கும் பழக்கமும் இல்லை. மூன்று நாளுக்கு வாடகைக் கார் போதும். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். ஆல்பா நகர மையத்தில் வெளியார் வண்டிகளுக்குத் தடை உள்ள தெருக்கள் உண்டு. பலகையில் "ஸோனா திராஃபிகோ லிமிதாதோ" என்று இருந்தால் நுழையாதீர்கள். காமிரா எண்ணைப் படித்துக்கொள்ளும், அபராதம் வாடகை நிறுவனத்தின் வழியாகப் பல மாதம் கழித்து வீடு தேடி வரும், நிறுவனத்தின் சேவைக் கட்டணமும் சேர்ந்து. ரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு லிட்டருக்கு 0.5 கிராம். உரிமம் வாங்கி மூன்று ஆண்டு ஆகாதவருக்குப் பூஜ்யம். ஆகவே ஓட்டுபவர் ஒயினைச் சுவைத்துவிட்டுத் துப்ப வேண்டும். சுவைக்கும் மேசையில் அதற்கென்றே ஒரு பாத்திரம் இருக்கும், துப்பினால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இனி ஒயின். பரோலோவும் பார்பரெஸ்கோவும் நெபியோலோ என்ற ஒரே திராட்சையில் செய்பவை. வேறு திராட்சை ஒரு சொட்டுகூடக் கலக்கக் கூடாது. பரோலோவுக்குக் குறைந்தது 38 மாதம் முதிர்ச்சி, அதில் 18 மாதம் மரப் பீப்பாயில். பார்பரெஸ்கோவுக்கு 26 மாதம், பீப்பாயில் 9. கணக்கு அறுவடை ஆண்டின் நவம்பர் 1இல் தொடங்கும். அதனால் 2020 அறுவடைப் பரோலோ 2024 ஜனவரிக்கு முன் கடைக்கு வர முடியாது. நிறம் வெளிறித்தான் இருக்கும், தண்ணீர் கலந்துவிட்டார்களோ என்று தோன்றும். வாயில் வைத்தால் கொட்டைப்பாக்கை மென்றது போல ஈறைப் பிடிக்கும் துவர்ப்பு. அது குறையல்ல, அந்தத் துவர்ப்புதான் இந்த ஒயினை இருபது ஆண்டு தாங்க வைக்கிறது.

பார்க்க வேண்டிய வித்தியாசம் மண்ணில் இருக்கிறது. பள்ளத்தாக்குக்கு மேற்கே லா மோர்ராவிலும் பரோலோ ஊரிலும் பெரும்பாலும் நீலச்சாம்பல் நிறச் சுண்ணாம்புக் களிமண். அங்கு ஒயின் வாசனையோடு, கொஞ்சம் சீக்கிரமே மென்மையாகும். கிழக்கே செரலுங்காவிலும் மோன்ஃபோர்தேயிலும் மண் இன்னும் பழையது, மணற்கல் அடுக்குகள் கலந்தது. அங்கு துவர்ப்பு கடுமை, பொறுமையும் அதிகம் வேண்டும். எனவே ஒரு நாள் மேற்கு மேடு, மறுநாள் கிழக்கு மேடு என்று பிரியுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அறுவடை ஆண்டைக் கேட்டு வாங்கிச் சுவையுங்கள். ஆண்டு மாறினால் நாக்கில் படும் வித்தியாசம் மண்ணால் வந்ததா, அந்த வருட வெயிலால் வந்ததா என்று சொல்ல முடியாது. பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

ஒரு நாளைக்கு இரண்டு ஒயின் பண்ணை, அதற்கு மேல் வேண்டாம். காலை பத்தரைக்கு ஒன்று, பிற்பகல் மூன்றுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் இழுக்கும். மூன்றாவதில் நாக்கு மரத்துப்போய் எல்லாம் ஒரே துவர்ப்பாகத் தெரியும். மூன்று நான்கு வாரம் முன்பே மின்னஞ்சல் அனுப்பி நேரம் வாங்குங்கள். இவை பெரும்பாலும் குடும்பப் பண்ணைகள், அறுவடையை ஒட்டிய வாரங்களில் வேலை தலைக்கு மேல் இருக்கும், சொல்லாமல் போனால் கதவு திறக்காது. ஞாயிறு பலர் விடுமுறை. தொல்செத்தோ, பார்பெரா என்று எளிய ஒயின்களில் தொடங்கிப் பரோலோவில் முடிப்பார்கள். அந்த வரிசையை மாற்றச் சொல்லாதீர்கள்.

மேற்கு நாளில் லா மோர்ராவின் உச்சியில் தொடங்குங்கள். கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்குச் சற்று மேல், திராட்சைச் சரிவுகள் முழுதும் காலடியில் தெரியும். காலை ஒன்பதுக்குப் போனால் மூடுபனி மட்டும்தான் தெரியும், பதினொன்றுக்கு மேல் விலகும். நெபியோலோ என்ற பெயரே பனியைக் குறிக்கும் 'நெபியா'விலிருந்து வந்தது என்பார்கள். அங்கிருந்து தோட்டங்களின் ஊடாகப் பரோலோவுக்கு நடக்கலாம், நிதானமாக நடந்தால் இரண்டு மணி நேரம். இறங்கும் திசையில் நடப்பதுதான் புத்திசாலித்தனம். நடுவில் ப்ரூனாத்தே தோட்டத்தில் ஒரு குட்டித் தேவாலயம் வரும். 1999இல் சோல் லெவிட், டேவிட் ட்ரெம்லெட் என்ற இரு கலைஞர்கள் கண்ணைப் பறிக்கும் வண்ணங்களில் தீட்டியது. முந்தின நாள் மழை பெய்திருந்தால் நடையை விட்டுவிடுங்கள். அந்தக் களிமண் செருப்பில் ஒட்டினால் ஒவ்வொரு காலும் இரண்டு கிலோ கனக்கும்.

கிழக்கு நாளில் செரலுங்காவின் ஒடிசலான கோட்டை, திரும்பும் வழியில் க்ரின்ஸானே காவூர் கோட்டை. இத்தாலியை ஒன்றிணைத்த காவூர் இளவயதில் இந்தச் சிற்றூருக்கு மேயராக இருந்தவர். மூன்றாம் நாள் பார்பரெஸ்கோ ஊர். கோபுரத்தின் மேலிருந்து தானரோ ஆற்றின் வளைவு தெரியும். 1958இல் தொடங்கிய விவசாயிகள் கூட்டுறவு இந்த ஊரில்தான் இருக்கிறது. நல்ல ஆண்டுகளில் ஒன்பது தோட்டங்களின் ஒயினைத் தனித்தனியாக அடைக்கிறார்கள். மண் பாடத்தை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோக இதைவிட நல்ல இடம் இல்லை. நான்காம் நாள் ரயிலில் பிரா, உள்ளூர் உணவு மரபைக் காக்கும் ஸ்லோ ஃபுட் இயக்கம் பிறந்த ஊர். அரை நாள் போதும்.

ஐந்தாம் நாளை ஆல்பாவுக்கு வையுங்கள், சனி அல்லது ஞாயிறாக இருக்கட்டும். அக்டோபர் தொடங்கி டிசம்பர் தொடக்கம் வரை வெள்ளை ட்ரஃபிள் சந்தை நடப்பது வார இறுதிகளில். அந்த இரண்டு இரவுக்கும் அறை வாடகை எகிறும், இப்போதே பதிவு செய்யுங்கள். ட்ரஃபிள் மண்ணுக்கடியில் மர வேரோடு வளரும் காளான், நாய் மோந்துதான் கண்டுபிடிக்கும். வாங்குவதானால் கையில் எடுத்து அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருக்க வேண்டும், மெத்தென்றிருந்தால் பழசு. புழுத் துளையைச் சிலர் மண் வைத்து அடைத்திருப்பார்கள், அதையும் பாருங்கள். சமைத்தால் மணம் போய்விடும், பச்சையாகச் சீவித்தான் தூவ வேண்டும். உணவகத்தில் கிராம் கணக்கில் விலை, தட்டுக்குப் பத்து கிராம் தாராளம். சீவத் தொடங்கும் முன்பே கிராம் விலையைக் கேட்டுவிடுங்கள். கடைகளில் விற்கும் ட்ரஃபிள் எண்ணெயை வாங்காதீர்கள். பெரும்பாலானவற்றில் இருப்பது ஆய்வகத்தில் செய்த வாசனைப் பொருள்.

சைவருக்கு இங்கே முட்டையும் பாலும் ஆகுமென்றால் கவலையில்லை. மஞ்சள் கருவை அள்ளிக் கொட்டிப் பிசைந்த தயாரின் என்ற மெல்லிய நூடுல்ஸை வெண்ணெயும் சேஜ் இலையும் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். ஹேசல்நட் கேக்கையும் தவறவிடாதீர்கள். பொறி மூன்று இடத்தில் இருக்கிறது. 'ப்ளின்' என்ற குட்டி மடிப்பு பாஸ்தாவுக்குள் பெரும்பாலும் இறைச்சி. காய்கறிகளைத் தொட்டுச் சாப்பிடத் தரும் பான்யா காவ்தா குழம்பில் நெத்திலி வகை மீன் கரைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பாலாடைக்கட்டிகளில் பல, கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த ரென்னெட்டால் உறைய வைத்தவை. "செந்ஸா கார்னே, செந்ஸா பெஷே" என்று இறைச்சியும் மீனும் வேண்டாமெனச் சொல்வதோடு, சாறு எலும்பு போட்டுக் காய்ச்சியதா என்றும் கேளுங்கள். மதிய அடுப்பு இரண்டரைக்குள் அணைந்துவிடும்.

 

திரும்பும்போது பாட்டிலைக் கைப்பையில் வைக்காதீர்கள், பெட்டிக்குள் துணி சுற்றி வையுங்கள். இந்தியாவுக்குள் தீர்வையின்றி ஆளுக்கு 2 லிட்டர் மதுதான். 750 மில்லி பாட்டில் இரண்டு கொண்டு வரலாம், மூன்றாவது 2.25 லிட்டர் ஆகிவிடும்.