தோடர் எம்பிராய்டரியைப் புத்தகம் பார்த்தே கற்க முடியாதா?

முடியாது என்றுதான் சொல்வேன். பக்கத்தில் தைக்கத் தெரிந்தவர் வேண்டும். நீலகிரியின் தோடர் பழங்குடிப் பெண்கள் துணியில் படம் வரைந்துகொள்வதில்லை, சட்டமும் மாட்டுவதில்லை. முரட்டு வெள்ளைத் துணியின் இழைகளை எண்ணி எண்ணியே சிவப்பு, கறுப்பு நூலை ஓட்டுகிறார்கள். ஓர் இழை தப்பினாலும் வரிசை கோணிவிடும், பிரிக்கத்தான் வேண்டும். அப்புறம், நூலை முழுக்க இறுக்காமல் சின்னச் சின்ன வளையமாக விடுவார்கள். தடவினால் விரலில் தட்டும் அந்தப் புடைப்புதான் இதன் அழகே. எவ்வளவு தளர்வு விடுவது? அதை எந்தப் படமும் காட்டாது. அம்மா, பாட்டி கையைப் பார்த்துப் பார்த்துத்தான் வரும். 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, சரி. ஆனால் தோடர்களே ஓரிரு ஆயிரம் பேர்தான். இந்தத் தையல் போட்ட பூத்துக்குளி என்னும் போர்வையை வாங்கும்போது தயவுசெய்து பேரம் பேசாதீர்கள். கூலி கட்டுப்படியானால்தான் மகளும் ஊசியை எடுப்பாள்.