சமூகவியலின் தொடக்கம் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

குடிமைப்பணித் தேர்வுக்கு சமூகவியலை விருப்பப் பாடமாக எடுத்திருக்கிறேன். பொறியியல் படித்தவள், இந்தத் துறைக்குப் புதியவள். முதல் தாளில் ஐரோப்பாவில் சமூகவியல் தோன்றிய கதை ஒரு பகுதியாக வருகிறது. எந்தக் குறிப்பைப் பிரித்தாலும் அறிவொளிக் காலம், பிரெஞ்சுப் புரட்சி, தொழிற்புரட்சி என்று மூன்று தலைப்பு போட்டு, ஆகவே சமூகவியல் பிறந்தது என்று முடித்துவிடுகிறார்கள். புரட்சி நடந்தால் ஏன் ஒரு புதுத் துறை பிறக்க வேண்டும்? யோசிப்பதற்குத் தத்துவம் இருந்ததே, வரலாறு இருந்ததே? அப்புறம் மார்க்ஸ், துர்க்கைம், வெபர் மூவரையும் தனித்தனியாக மனப்பாடம் செய்கிறேன், ஒருவரோடு ஒருவர் ஒட்டவே மாட்டேன் என்கிறார்கள். மூவரையும் கோக்கிற சரடு ஏதாவது உண்டா?

ச., திண்டுக்கல்

அன்புள்ள ச.,

குறிப்புகளில் இருப்பது பொய்யில்லை. 1789-க்குப் பிறகு பிரான்சில் அரசன் தலை போனது, தேவாலயத்தின் சொத்து போனது, கைவினைஞர் சங்கங்கள் கலைக்கப்பட்டன. இத்தனையும் போன பிறகு மனிதர்களைச் சேர்த்துவைத்திருப்பது எது என்ற கேள்வி அங்கே எல்லார் மனதிலும் இருந்தது. ஆனால் கேள்வி மட்டும் இருந்தால் ஒரு துறை பிறந்துவிடாது. இதே கேள்வி அரபு வரலாற்றாசிரியர் இப்னு கல்தூனுக்கும் இருந்தது. 1377-ல் வட ஆப்பிரிக்காவில் உட்கார்ந்து ‘முகத்திமா’ என்ற நூலை எழுதியபோது, ஒரு குழுவின் ஒட்டுறவு எப்படி ஒரு வம்சத்தை ஆட்சியில் ஏற்றுகிறது, நகர வாழ்க்கையின் சுகத்தில் சில தலைமுறைக்குள் அது எப்படிக் கரைந்துபோகிறது என்று அவர் விளக்கியதை இன்று படித்தாலும் பிரமிப்பாக இருக்கிறது. ஆனாலும் அவரைத் தொடர்ந்து அங்கே ஒரு துறை உருவாகவில்லை. 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கூடுதலாக என்ன இருந்தது? அரசாங்கக் காகிதம் இருந்தது என்பது என் பதில். பதிவேடு, அட்டவணை, ஆய்வாளர் அறிக்கை, விசாரணைக் குழு அறிக்கை. நீங்கள் கேட்கும் சரடும் அதுதான்.

பிரான்சின் நீதி அமைச்சகம் 1827 முதல் ஆண்டுதோறும் குற்றக் கணக்கை அச்சிட ஆரம்பித்தது. எத்தனை பேர் மீது வழக்கு, எத்தனை பேருக்குத் தண்டனை, ஆணா பெண்ணா, வயது என்ன என்றெல்லாம் அட்டவணைகள். அவற்றைக் கையில் எடுத்தவர்களில் ஒருவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடோல்ஃப் கெட்லே. அவர் வானியலாளர், வானத்தில் ஒழுங்கைத் தேடிப் பழகியவர். வருஷா வருஷம் ஏறத்தாழ 7 ஆயிரம் பேர் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார்கள், நூற்றுக்கு 61 பேர் அளவில் தண்டனை பெறுகிறார்கள், இந்தக் கணக்கு பெரிதாக மாறுவதே இல்லை என்பதை அவர் கவனித்தார். ஒவ்வொரு கொலையும் யாரோ ஒருவனுடைய ஆத்திரத்தில், ஏதோ ஓர் இரவில் நடப்பது. ஆத்திரத்துக்கு ஏது கணக்கு? ஆனால் வருஷக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் கணக்கு சரியாக வந்து உட்காருகிறது. சிறைக்கும் கொலைமேடைக்கும் சமூகம் தவறாமல் கட்டிவரும் வரி போல இது இருக்கிறது என்ற பொருளில் 1835-ல் எழுதினார். தனி மனிதர்களுக்கு அப்பால், தனக்கென்று ஒரு போக்கு உள்ள ஏதோ ஒன்று இருக்கிறது என்ற திகைப்பு இங்கிருந்துதான் வருகிறது. எவ்வளவு பெரிய தத்துவவாதியாக இருந்தாலும் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்து இந்த இடத்துக்கு வந்திருக்க முடியாது.

கெட்லே தன் நூலுக்கு ‘சமூக இயற்பியல்’ என்று துணைத்தலைப்பு வைத்ததில் பிரெஞ்சுத் தத்துவவாதி ஓகுஸ்ட் கோம்ட்டுக்குக் கோபம். அது தான் பயன்படுத்திவந்த பெயர், வெறும் புள்ளிவிவரத்துக்கு அதைச் சூட்டிவிட்டார்களே என்று குறைபட்டு, 1839-ல் வந்த தொகுதியில் ‘சோசியாலஜி’ என்ற புதுப் பெயரைப் போட்டார். துறைக்குப் பெயர் தந்தவர், அறிவியல்களின் வரிசையில் அதற்கு ஓர் இடமும் கேட்டு வாங்கித் தந்தவர், மறுக்கவில்லை. ஆனால் எண்களை நம்பாதவர். அந்த ஆண்டுகளிலேயே ‘மூளைச் சுகாதாரம்’ என்று சொல்லி மற்றவர்கள் எழுதுவதைப் படிப்பதையும் நிறுத்திக்கொண்டவர். மனித அறிவு மதம், தத்துவம், அறிவியல் என்று மூன்று படியாக வளர்கிறது என்கிற அவருடைய மூன்று நிலை விதியைப் படித்துவைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் அவரிடம் நேரம் செலவிட வேண்டாம்.

மார்க்சுக்கு வருவோம். குறிப்புகளில் அவர் அந்நியமாதல், உபரி மதிப்பு, வர்க்கப் போராட்டம் என்று வெறும் கருத்துகளாகவே இருப்பார். 1867-ல் வந்த ‘மூலதனம்’ முதல் பாகத்தில் வேலை நாள் பற்றிய அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். அதில் பெரும்பகுதி பிரிட்டிஷ் தொழிற்சாலை ஆய்வாளர்கள் போன்றோரின் அறிக்கைகளை வைத்து எழுதியது. லியனார்ட் ஹார்னர் என்ற ஆய்வாளரை மார்க்ஸ் பெயர் சொல்லிப் புகழ்கிறார். மேரி ஆன் வாக்லி என்ற 20 வயதுப் பெண்ணைப் பற்றி அங்கே ஒரு பத்தி வருகிறது. லண்டனில் பெரிய இடத்துச் சீமாட்டிகளுக்கு உடை தைக்கும் கடையில் வேலை. 1863 ஜூன், அரண்மனை நடன விருந்துக்கு உடைகள் தயாராக வேண்டும். இன்னும் 60 பெண்களோடு, ஓர் அறைக்கு 30 பேராக, மூச்சுவிடக் காற்றில்லாத இடத்தில் 26½ மணி நேரம் இடைவிடாமல் தைத்தாள். வெள்ளிக்கிழமை படுத்தாள், ஞாயிற்றுக்கிழமை இறந்தாள். இந்தச் செய்தி அப்போதைய லண்டன் நாளிதழ்களில் வந்தது. அது அந்த ஒரு கடை முதலாளியின் கொடூரம் மட்டும்தானா, அல்லது யார் முதலாளியாக இருந்தாலும் அப்படித்தான் நடக்கும் என்கிற ஓர் அமைப்பா என்று கேட்டதில்தான் மார்க்ஸ் இருக்கிறார். அந்த நூலின் முன்னுரையில் அவர் சொல்லும் ஒன்றை அடிக்கோடிடுங்கள்: ஜெர்மனியிலும் இங்கிலாந்தைப் போல முழு அதிகாரத்தோடு விசாரணைக் குழுக்களை வைத்திருந்தால், நம் நாட்டு நிலையைப் பார்த்து நாமே நடுங்கிப்போயிருப்போம் என்கிறார். எந்த அரசாங்கத்தைச் சாடினாரோ அதே அரசாங்கத்தின் காகிதம்தான் அவருடைய ஆதாரம்.

துர்க்கைம் இன்னும் நேரடி. 1897-ல் வந்த ‘தற்கொலை’ நூலுக்குப் பின்னால் ஏறத்தாழ 26 ஆயிரம் மரணங்களின் கோப்புகள் இருக்கின்றன. எல்லாம் பிரெஞ்சு நீதி அமைச்சகத்துக் கோப்புகள். அவற்றைப் பார்க்க அனுமதித்தவர் அங்கே புள்ளிவிவரப் பிரிவின் தலைவராக இருந்த கப்ரியேல் டார்ட். மனிதர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்கிறார்கள், சமூகம் என்றாலே போலச்செய்தல்தான் என்பது டார்ட்டின் கொள்கை. அதை மறுப்பதற்கென்றே அந்த நூலில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. கோப்புகளைப் பிரித்து வயது, ஆணா பெண்ணா, திருமணமானவரா, குழந்தை உண்டா இல்லையா என்று தனியாளாக வகைப்படுத்தியவர் துர்க்கைமின் அக்காவின் மகன் மார்செல் மோஸ், அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர். எந்திரம் கிடையாது, எல்லாம் கையால். பின்னால் மானுடவியலில் பெரும்பெயர் எடுத்தவர் அந்த இளைஞர்தான்.

அந்த அட்டவணைகளிலிருந்து துர்க்கைம் எடுத்த முடிவுகளில் எனக்கு இன்றும் புதிதாக இருப்பது ஒன்று. 1873-ல் வியன்னாவில் பங்குச்சந்தை விழுந்தபோது தற்கொலைகள் கூடின, அது யாருக்கும் புரியும். 1878-ல் பாரிசில் உலகக் கண்காட்சி நடந்து காசு புழங்கியபோதும் கூடினவே, அது ஏன்? வறுமைதான் காரணம் என்றால் ஏழை நாடுகளில்தானே அதிகம் இருக்க வேண்டும், அப்படியும் இல்லை. ஆக, நெருக்கடி நல்லதோ கெட்டதோ, இவ்வளவுதான் ஆசைப்படலாம் என்று மனிதனுக்குச் சொல்லிக்கொண்டிருந்த வரம்பு குலைந்துபோவதுதான் ஆபத்து என்கிறார். நெறிபிறழ்வு நிலை என்று நீங்கள் மனப்பாடம் செய்வது இதைத்தான். இன்னொன்று, நான்கு வகைத் தற்கொலை என்று சம அளவில் நான்கு கட்டம் போட்டு வைத்திருப்பீர்கள். மூல நூலில் நான்காவது வகைக்கு, அதாவது அளவுமீறிய கட்டுப்பாட்டால் நேரும் தற்கொலைக்கு, ஓர் அடிக்குறிப்பு மட்டும்தான் இருக்கிறது, அதற்கு இன்று பெரிய முக்கியத்துவம் இல்லை என்று அவரே சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். தேர்வில் அதை எழுதினால் நீங்கள் நூலைப் புரட்டியவர் என்பது திருத்துகிறவருக்குத் தெரியும்.

வெபரை மதம், அதிகார வர்க்கம், மூவகை அதிகாரம் என்று படிக்கிறோம். அவருடைய முதல் பெரிய ஆய்வு 1892-ல், ஜெர்மனியில் எல்பே நதிக்குக் கிழக்கே இருந்த பண்ணைக் கூலிகளைப் பற்றியது. ஜெர்மனியின் சமூகக் கொள்கைச் சங்கம் ஒன்று கேள்வித்தாள் அனுப்பித் திரட்டிய பதில்களை வைத்து, 900 பக்கத்தை நெருங்கும் அறிக்கை எழுதினார். கூலிகளைப் பற்றிய ஆய்வில் கேள்வித்தாள் போனது பண்ணையார்களுக்கு மட்டும்! அது போதாது என்று அவரே சொன்னார், அடுத்த ஆய்வில் கிராமத்துப் பாதிரியார்களிடம் கேட்டார்கள். ஒரு தரவை யார் தந்தார்கள், அவர்களுக்கு அதில் என்ன லாபம் என்று கேட்கும் பழக்கத்தை வெபரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்டவருக்கும் சறுக்கியது. 1904–05-ல் எழுதிய ‘புராட்டஸ்டன்ட் அறம்’ தொடங்குவதே ஜெர்மனியின் பாடன் மாநிலத்தில் எந்த மதத்தார் எந்தப் பள்ளியில் படித்தார்கள், என்ன தொழில் செய்தார்கள் என்ற புள்ளிவிவரத்தில்தான். அவருடைய மாணவர் ஒருவர் தயாரித்தது. அதில் ஒரு வரிசையைக் கூட்டினால் நூற்றுக்கு 109 வருகிறது. 59 என்று இருக்க வேண்டியது 69 ஆகிவிட்டது. அரை நூற்றாண்டு கழித்து கர்ட் சாமுவெல்சன் என்ற ஸ்வீடன் ஆய்வாளர் அதை எடுத்துக் காட்டினார். அதனால் வெபரின் வாதம் விழுந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், அது அந்த ஒரு வரிசையை மட்டும் நம்பி நிற்கவில்லை.

உங்கள் பாடத்திட்டப் பட்டியலில் இல்லாத ஒருவரையும் இங்கே சேர்க்க வேண்டும். டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ், கறுப்பின அமெரிக்கர். 1896–97-ல் பிலடெல்பியாவின் ஏழாவது வட்டாரத்தில் குடியேறி, அங்கே வாழ்ந்த 9 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பின மக்களின் நிலையை அறிய வீடு வீடாக ஏறி இறங்கினார். தொழில், வாடகை, குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டு எழுதி 1899-ல் நூலாக்கினார். மற்றவர்கள் அரசாங்கமோ சங்கமோ தந்த காகிதத்தைப் படித்தார்கள், இவர் காகிதத்தையே உண்டாக்கினார். வெபர் 1904-ல் அமெரிக்கா போனபோது இவரைச் சந்தித்து, கட்டுரை கேட்டு வாங்கி 1906-ல் தன் இதழில் வெளியிட்டார். அப்படியிருந்தும் முன்னோடிகள் வரிசையில் இவருக்கு நீண்ட காலம் இடம் தரவில்லை. அந்த வரிசை தானாக அமைந்ததும் இல்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் டால்காட் பார்சன்ஸ் 1937-ல் எழுதிய பெரிய நூலில் மையமாக இருந்த நால்வர் மார்ஷல், பரேட்டோ, துர்க்கைம், வெபர். மார்க்சுக்குச் சரியாசனம் கிடைத்தது 1960-களுக்குப் பிறகு. நீங்கள் மனப்பாடம் செய்யும் மும்மூர்த்திகளை மும்மூர்த்திகளாக்கியது அமெரிக்க, பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டம். அந்த மூவரும் ஒருவரோடு ஒருவர் ஒட்டாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: பின்னால் வந்தவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தவர்கள் அவர்கள். துர்க்கைமும் வெபரும் சமகாலத்தவர்கள், ஆனால் ஒருவர் எழுத்தை ஒருவர் ஏறக்குறைய கண்டுகொள்ளவே இல்லை.

ஆகவே ஒவ்வொரு சிந்தனையாளரிடமும் முதலில் இதைக் கேளுங்கள்: இவர் மேசையில் என்ன காகிதம் இருந்தது, அதை எழுதியது யார்? துர்க்கைமின் கணக்கில் இந்தக் கேள்வி கனமாக விழுகிறது. கத்தோலிக்கக் குடும்பங்களில் தற்கொலை பாவம், மானக்கேடு; நடந்ததை விபத்து என்று பதியவைக்க முயல மாட்டார்களா? அப்படியானால் புராட்டஸ்டன்டுகளைவிடக் கத்தோலிக்கர்களிடம் தற்கொலை குறைவு என்று துர்க்கைம் சொன்னது உண்மையா, பதிவேடு சொல்வதா? 1967-ல் அமெரிக்கச் சமூகவியலாளர் ஜாக் டக்ளஸ் இந்த வகை விமர்சனத்தை ஒரு நூல் முழுக்க வைத்தார். முதல் தாளில் நேர்க்காட்சிவாதத்தின் (சமூகத்தையும் இயற்கை அறிவியல் போலவே ஆராயலாம் என்ற கொள்கையின்) மீதான விமர்சனம் என்று தனியாகப் படிப்பீர்களே, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

இரண்டாம் தாளில் காலனி ஆட்சியின் தாக்கம் வரும்போதும் இதே கேள்வியை எடுத்துச் செல்லுங்கள். வெபர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. இந்து மதத்தையும் பௌத்தத்தையும் பற்றி 1916–17-ல் அவர் எழுதியபோது சாதி பற்றிய அவருடைய முக்கிய ஆதாரங்களில் ஒன்று பிரிட்டிஷ் இந்தியாவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகள். 1901 கணக்கெடுப்பில் அதன் ஆணையராக இருந்த ரிஸ்லி சாதிகளைச் சமூக மதிப்பின்படி மேல் கீழாக வரிசைப்படுத்த முனைந்தார். எங்களை மேலே போடுங்கள் என்று சாதிச் சங்கங்கள் மனு மேல் மனு கொடுத்தன. எண்ண வந்தவர்களே எண்ணப்படுவதை மாற்றிக்கொண்டிருந்தார்கள், அந்த அறிக்கை கப்பலேறிப் போய் ஜெர்மனியில் வெபருக்கு ஆதாரமானது. அந்தப் பகுதியைப் படித்து முடித்ததும் எழுதுங்கள், ரிஸ்லியைப் பற்றித் தனியாகப் பேச வேண்டியது நிறைய இருக்கிறது.