ஹெட்லைட்டுக்குள் பனி படிகிறதா? முதலில் பின்மூடியைப் பாருங்கள்

ஈசூனிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “ஆறு வருட கார். போன மாதம் இடது ஹெட்லைட் பல்பை மாற்றினேன். அதன்பிறகு மழை பெய்தாலே அந்தக் கண்ணாடிக்குள் பனி படிகிறது. வலது பக்கம் ஒன்றுமில்லை. வொர்க்‌ஷாப்பில் முழு விளக்கையும் மாற்றச் சொல்கிறார்கள். சுற்றிலும் சிலிக்கோன் பூசினால் போதும் என்கிறார் நண்பர். எதைச் செய்வது?”

இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். பல்பு மாற்றிய பிறகுதான் தொடங்கியது, அதுவும் ஒரு பக்கம் மட்டும் என்கிறீர்கள். எனக்கு முதல் சந்தேகம், பல்பை மாற்றத் திறக்கும் பின்மூடியின் மேல்தான்.

ஹெட்லைட் முழுக்க அடைத்த பெட்டி என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது மூச்சு விட வேண்டும். விளக்கு எரியும்போது உள்ளே காற்று சூடாகி விரியும், அணைத்ததும் சுருங்கி வெளிக்காற்றை இழுக்கும். அதற்காகவே பின்புறத்தில் வளைந்த ரப்பர் குழாயோ, மெல்லிய சவ்வு ஒட்டிய துளையோ வைத்திருப்பார்கள். நம் சிங்கப்பூரில் அந்த வழியாகப் போவது ஈரக்காற்றுதான். விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். இந்தக் காற்று சுமார் 24 டிகிரிக்குக் குளிர்ந்தாலே தன் ஈரத்தை விட்டுவிடும். ஓடிச் சூடான விளக்கின் மேல் மழை கொட்டினால், கண்ணாடி சட்டென்று குளிர்ந்து உள்பக்கம் பனி பூக்கும். ஐஸ் போட்ட தே பெங் (தேநீர்) குவளை வெளியே வியர்ப்பதும் இப்படித்தான்.

அதனால் மூச்சுக்காற்று பட்டது போன்ற மெல்லிய பனி இரண்டு விளக்கிலும் வந்து, விளக்கைப் போட்டு அரை மணி நேரம் ஓட்டியதும் மறைந்தால் விட்டுவிடலாம். எல்இடி விளக்கில் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும். அதன் சூடு பெரும்பாலும் பின்பக்கமாகப் போய்விடுவதால் கண்ணாடி மெதுவாகத்தான் சூடாகும். ஆனால் பனி சொட்டுச் சொட்டாகத் திரண்டு வழிந்தாலோ, கீழ் மூலையில் தண்ணீர் தேங்கினாலோ, வெயிலில் நிறுத்தியும் ஓரிரு நாள் காயாமல் இருந்தாலோ எங்கோ ஒழுகுகிறது.

சரி, மூடிக்கு வருவோம். பல கார்களில் பல்பு மாற்றும் இடத்தில் கை நுழைவதே கஷ்டம். கண்ணால் பார்க்க முடியாமல், தடவித்தான் மூடியைப் போடுவார்கள். விளிம்பு ரப்பர் ஓரிடத்தில் மடிந்துபோயிருக்கும், அல்லது ஒரு கொக்கி மட்டும் பிடிக்காமல் நிற்கும். எஞ்சினும் விளக்கும் ஆறியபிறகு பானட்டைத் திறந்து, மூடியின் விளிம்பைச் சுற்றி விரல் நுனியால் ஒரு வட்டம் தடவிப் பாருங்கள். விரல் தடுக்கும் இடத்தில் ரப்பர் மடிந்திருக்கும். கை எட்டாவிட்டால் கைப்பேசியை உள்ளே நீட்டி டார்ச்சுடன் வீடியோ எடுத்துப் பாருங்கள். ரப்பரில் வெடிப்பு இருந்தால் மூடியை மட்டும் தனியாக வாங்க முடியுமா என்று கேளுங்கள். உங்கள் கார் சீனான் (xenon) விளக்குக் கார் என்றால் மட்டும் நீங்களாகத் திறக்க வேண்டாம், அதில் உயர் மின்னழுத்தம் உண்டு.

மூடியைச் சரிசெய்யும் முன் உள்ளே காய வேண்டும். எளிதில் கழற்றக்கூடிய விளக்கு என்றால் வீட்டுக்குக் கொண்டுபோய், மூடியைத் திறந்து ஏர்கான் அறையில் ஓர் இரவு வையுங்கள். அறைக்காற்று வறண்டது, மூடியை அங்கேயே போட்டுவிட்டால் அந்தக் காற்றுதான் உள்ளே தங்கும். பம்பரைக் கழற்றினால்தான் விளக்கு வெளியே வரும் என்ற காராக இருந்தால், நல்ல வெயில் நாளில் பானட்டையும் மூடியையும் ஓரிரு மணி நேரம் திறந்து வைத்தால் போதும். அப்போது பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடாதீர்கள், எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகமாகச் சூடேறி பல்பு சீக்கிரம் போய்விடும். உள்ளே துணி விட்டுத் துடைக்கவும் வேண்டாம். பிரதிபலிப்பான் மேல் உள்ள வெள்ளி நிறப் பூச்சு மிக மெல்லியது, ஒரே துடைப்பில் கீறல் விழும்.

நண்பர் சொன்ன சிலிக்கோன் பற்றி. நான் பயப்படுவது இதற்குத்தான். ஒழுகும் இடம் தெரியாமல் சுற்றிலும் பூசினால் மூச்சுத் துளையும் சேர்ந்து அடைபடும், உள்ளே போன ஈரம் வெளியே வர வழியிருக்காது. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுவதும் அப்படித்தான், ஈரத்தைக் குடித்து நிறைந்தபின் அதனால் பயனில்லை. சூடான பல்பின் பக்கம் உருண்டு போனால் ஆபத்தும்கூட.

மூடி சரியாக இருந்தும் தண்ணீர் வருகிறதென்றால் கண்ணாடியின் விளிம்பில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா, ஒட்டு விட்டிருக்கிறதா என்று பாருங்கள். கார் கழுவும்போது அழுத்த நீரை அந்த ஒட்டின் மேல் நேராக அடிக்க வேண்டாம். கண்ணாடி வெடித்திருந்தாலோ பிரதிபலிப்பான் கறுத்திருந்தாலோ மாற்றத்தான் வேண்டும், அங்கே வொர்க்‌ஷாப் சொல்வது சரி. ஆனால் தண்ணீர் எந்த இடத்தில் புகுகிறது என்று காட்டச் சொல்லிவிட்டுச் சம்மதியுங்கள்.

காருக்கு மூன்று வயதிலிருந்து பத்து வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வாகனச் சோதனை. உங்களுக்கு ஏழாவது ஆண்டில் அடுத்தது வரும், ஹெட்லைட்டையும் பார்ப்பார்கள். விளக்கைக் கழற்றி மாட்டியிருந்தால் ஒளி விழும் உயரம் மாறியிருக்கலாம். சோதனைவரை காத்திருக்காமல் உடனே சரிபார்த்துவிடுங்கள், எதிரே வருபவர் கண்ணில் அடிக்கக்கூடாது.